பன்னிரண்டு அட்டைகளில் ஒரே பிழை

அந்த அச்சகத்தில் அவளுக்குப் பெயர் ஆனாக்கா. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள், பிழை திருத்துகிறவள் ஆயிற்றே, அரிச்சுவடியின் முதல் எழுத்தை வைத்து யாரோ மரியாதையாகச் சூட்டிய பெயர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். எதைக் காட்டினாலும் அவள் வாயிலிருந்து வருவது ஒன்றுதான்: "நல்லாத்தான் இருக்கு, ஆனா..."

அட்டைப்பெட்டி, புட்டி லேபிள், மருந்துப் பெட்டிக்குள் வைக்கும் மடிப்புத்தாள், சினிமாச் சுவரொட்டி என்று எல்லாம் அடிக்கும் அச்சகம் அது. வெட்டு இயந்திரத்துக்கும் மை வைக்கும் அறைக்கும் நடுவே, கண்ணாடித் தடுப்புக்குள் அவள் மேசை. ஒரு பூதக்கண்ணாடி, இரண்டு சிவப்புப் பேனா, முதுகு கிழிந்த அகராதி. அவள் கையெழுத்து விழாமல் எந்தத் தாளும் இயந்திரத்தில் ஏறாது. இருபத்திரண்டு வருஷமாக அதுதான் ஏற்பாடு.

பிறக்கும்போதே சந்தேகத்தோடு பிறந்தவள் இல்லை. வேலை அவளை அப்படி ஆக்கியது. ஒரு சோப்புக் கம்பெனிக்காரர்கள் பெட்டியில் போடும் இலை எந்தப் பச்சையாக இருக்க வேண்டும் என்று ஐந்து நாள் ஆளனுப்பிச் சண்டை போட்டார்கள். சோப்பில் என்ன சேர்கிறது என்பதை மட்டும் "போன தடவை போட்டதையே போடுங்கள்" என்று ஒரே வரியில் முடித்தார்கள். முட்டைப்பெட்டி ஒன்றில் புல்வெளியில் கோழிகள் ஓடுவதுபோல் படம். அடுத்த நாள் போன் வந்தது: புல்வெளி வெறிச்சென்று இருக்கிறதாம், கோழி இரண்டு கூடப் போடச் சொன்னார்கள். போட்டார்கள். அன்று சாயங்காலம் ஆனாக்கா மளிகைக் கடையில் அதே முட்டையைக் கையில் எடுத்து, கோழி ஓடியாடித் திரிந்ததை யார் பார்த்தது என்று கடைக்காரரைக் கேட்டாள். அதைக் கோழியைத்தான் கேட்க வேண்டும் என்றார் அவர். அவரிடம் அவளுக்குப் பிடித்ததே அதுதான். கேட்டதற்குப் பூசி மெழுகமாட்டார்.

சுவரொட்டி விஷயம் இன்னும் மோசம். பெரிய படம் ஒன்று வருகிறதென்றால், "இன்று முதல்" என்ற சுவரொட்டியும் "வெற்றிகரமான மூன்றாவது வாரம்" என்ற சுவரொட்டியும் ஒரே உறையில் திருத்தத்துக்கு வந்து சேரும். பிள்ளை பிறக்குமுன்பே கல்யாணப் பத்திரிகை அடிப்பது மாதிரி. இரண்டிலும் ஒற்றுப்பிழை பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்புவாள்.

இப்படியே இருந்து இருந்து, கடைக்குப் போனால் எந்தப் பொருளையும் திருப்பிப் பின்பக்கம் படிக்காமல் அவளால் வாங்க முடியாமல் போயிற்று. எங்கே செய்தது, யார் செய்தது, இந்த முத்திரையைக் கொடுத்தது யார், அவர்களுக்கு அந்த உரிமையைக் கொடுத்தது யார். அவள் கணவர் கூடை தூக்கிக்கொண்டு பின்னால் நிற்பார், கால் வலித்ததும் வெளியே போய் உட்கார்ந்துகொள்வார். எல்லாவற்றையும் சந்தேகப்பட்டு முடித்த பிறகும் வீட்டுக்கு ஒரு சோப்பு வாங்கித்தானே ஆக வேண்டும்? கடைசியில் அவளும் இலை போட்ட சோப்பைத்தான் எடுப்பாள். இலையே இல்லாததைவிட, இலை போட வெட்கப்படாதவன் கொஞ்சம் தேவலை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வாள். அந்தச் சமாதானத்தின் மேலும் அவளுக்குச் சந்தேகம் உண்டு.

துணி விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டாள். கல்யாணத்துக்கு முன் எட்டு மாதம் ஒரு தையல் ஆலையில் நூல் வெட்டும் வேலை பார்த்தவள். தைத்து வரும் சட்டையில் தொங்கும் நூல்நுனியை நறுக்குவது. ஒரு சட்டை இருபது முப்பது கை மாறித்தான் சட்டையாகும் என்பதும், அந்தக் கைகளுக்கு மதியம் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவும் கேட்டுக்கொண்டுதான் எழுந்திருக்க வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். அதனால் வாசலில் குவித்துப் போட்டு விற்கும் துணியைக் கணவர் ஆசையாக எடுத்தால் உடனே கேட்பாள்: இவ்வளவு மலிவாக வருகிறதென்றால் யாரோ எங்கேயோ பட்டினி கிடக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? அவர் திரும்ப வைத்துவிடுவார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். மாடி மாடியாக ஏறி இறங்கி, கிணறு மாதிரி இருட்டுக்குள் தொங்கி வேலை பார்க்கிற மனுஷன். அவருக்கு இருந்த ஒரே ஆசை பெரிய படம். எவ்வளவு பெரிய கூட்டம், எவ்வளவு பெரிய வெடி, அவ்வளவு சந்தோஷம். எந்தப் படத்தையும் மோசம் என்று அவர் சொன்னதே இல்லை. ஆனால் அவர் பேச்சுக்கு ஆனாக்கா பொருள் கண்டுபிடித்து வைத்திருந்தாள். "பாட்டு நல்லா இருந்துச்சு" என்றால் படம் சுமார். "சீட்டு நல்லா சாய்ஞ்சு இருந்துச்சு" என்றால் தூங்கிவிட்டார்.

அந்த வருஷம் எல்லாச் சுவரிலும் ஒரே படம்தான். தையல் தொழிலாளர்களுக்காக ஒரு கதாநாயகன் போராடும் கதை. ஆள் உயர ஊசியை வாள்போலப் பிடித்துக்கொண்டு அவர் நிற்கும் சுவரொட்டி ஆனாக்கா மேசை வழியாகத்தான் போயிற்று. அதோடு இன்னொரு வேலையும் வந்தது. படக்காரர்களும் ஒரு துணிக் கம்பெனியும் சேர்ந்து டீ-ஷர்ட் விற்கப் போகிறார்கள். டிக்கெட் வாங்கும் இடத்திலேயே கிடைக்கும். தொழிலாளரை மதித்துச் செய்த சட்டை என்பதுதான் அதன் பெருமை. ஒவ்வொரு சட்டையிலும் ஒரு சின்ன அட்டை தொங்கும். முன்பக்கம் ஒரு தையல்காரப் பெண்ணின் படமும் பெயரும், பின்பக்கம் அவளே கைப்பட எழுதிய நாலு வரி. மொத்தம் பன்னிரண்டு பெண்கள், பன்னிரண்டு அட்டைகள்.

ஆனாக்கா முதல் அட்டையைப் படித்தாள். "என் பிள்ளைக்குத் தைப்பதுபோல் தைத்தேன். மனமாற வாழ்த்துகிறேன்." மனமார என்று வர வேண்டும். சின்ன ர போட வேண்டிய இடத்தில் பெரிய ற போட்டதால், வாழ்த்துகிறவள் யாரையோ மனசு மாறச் சொல்வதுபோல் ஆகியிருந்தது. கைப்பட எழுதியது, அப்படித்தான் இருக்கும் என்று சிரித்துக்கொண்டே இரண்டாவதை எடுத்தாள். "நீங்கள் நடக்கும்போது என் உழைப்பும் உங்களோடு நடக்கும். மனமாற நன்றி." மூன்றாவதிலும் மனமாற. நான்காவது, ஐந்தாவது. பன்னிரண்டிலும் கையெழுத்து வேறு வேறு. ஒன்று சாய்ந்தும் ஒன்று நிமிர்ந்தும், ஒன்று கோழி கிளறியது போலவும் இருந்தது. பிழை மட்டும் ஒன்றே ஒன்று.

பன்னிரண்டு பேர் ஒரே தெருவில் நடக்கலாம். பன்னிரண்டு பேருக்கும் ஒரே கல்லில் கால் இடறாது. ஒரே ஆள் உட்கார்ந்து எழுதி, கையெழுத்தை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறான். முகங்களும் எங்கிருந்தோ வாங்கியவை, இப்படிப் பெண்களே கிடையாது என்று அவள் அந்த நிமிஷமே முடிவு கட்டினாள்.

தாள்களை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனாள். பழைய முதலாளியின் மகன், அவளைவிட வயதில் சின்னவர், கெட்டவர் என்று சொல்ல முடியாது. நிதானமாகக் கேட்டார். பிறகு தாளைத் திருப்பி அவளிடமே தள்ளினார்.

"அக்கா, நம்ம வேலை எழுத்து. உண்மை பொய் எல்லாம் வேற டிபார்ட்மெண்ட்."

பெரிய ற-வைச் சின்ன ர ஆக்கிக் கொடுங்கள், போதும் என்றார். ஆனாக்கா திரும்பி வந்து உட்கார்ந்தாள். சிவப்புப் பேனாவால் பன்னிரண்டு இடத்தில் திருத்தினாள். திருத்தும்போதே அவளுக்குத் தெரிந்தது, திருடன் விட்டுவிட்டுப் போன ஒரே கால்தடத்தைத் தன் கையாலேயே கூட்டிப் பெருக்கிக்கொண்டிருக்கிறோம் என்று. திருத்தி அடித்து வந்ததும் கையெழுத்தும் போட்டாள். திருத்தம் ஏறிய ஒரு அட்டையின் மாதிரித்தாளை, ஏழாவது அட்டை, மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். எதற்கென்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

அச்சகத்து வேலையைப் பற்றி வெளியே பேசக்கூடாது என்பது கட்டுப்பாடு. அதனால் கணவரிடம் சொல்லவில்லை. அதுதான் வினையாயிற்று. படம் வெளியான வாரம் அவர் ஒரு பையோடு வீட்டுக்கு வந்தார். முகமெல்லாம் பல். ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு இரண்டு டிக்கெட். கூடவே இரண்டு டீ-ஷர்ட்.

"நீதான் தைச்சவங்க வயிறு வாடாத துணி வேணும்னு சொல்லிட்டே இருப்பியே. பாரு, தைச்சவங்க படமே போட்டிருக்கான்."

அவர் தானாக நின்று, திருப்பிப் பின்பக்கம் படித்து வாங்கிய முதல் பொருள் அது. அட்டையை விரலால் தடவிக் காட்டினார். நல்லாத்தான் இருக்கு என்று ஆனாக்கா சொன்னாள். ஆனா என்பதை அன்று விழுங்கிவிட்டாள். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் அந்தச் சட்டையையே போட்டுக்கொண்டு போனார்கள். அந்த வயதில் டீ-ஷர்ட் போட்டுத் தெருவில் நடக்கக் கூச்சமாகத்தான் இருந்தது. எதிர்வீட்டுக்காரி பார்த்துவிட்டு, புதுசா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு ஆனாக்கா வேகமாக நடந்தாள்.

திரையரங்கு நாலாவது மாடியில். அரங்கம் நிறைந்திருந்தது. முதல் காட்சியிலேயே பெரிய தையல் ஆலை. வரிசை வரிசையாக இயந்திரங்கள், அதன் பின்னால் நூற்றுக்கணக்கான பெண்கள், எல்லாரும் பளிச்சென்று குளித்துவிட்டு வந்தவர்கள் மாதிரி. ஆனாக்கா ஒன்றைத்தான் பார்த்தாள். ஒரு இயந்திரத்தில்கூட நூல் கோர்த்திருக்கவில்லை.

அதற்கு மேல் படம் அவளுக்குள் போகவில்லை. கதாநாயகன் வந்தார், மேற்பார்வையாளர்களை அடித்தார், மறுபடி வந்தார், மறுபடி அடித்தார். பெண்கள் அழுவதற்கும், அவர் அடித்து முடித்ததும் கை தட்டுவதற்கும் மட்டும் திரையில் இருந்தார்கள். எங்கே வலிக்கிறது என்று ஒருத்தி வாயிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை. சத்தம் கூடக் கூட ஆனாக்காவுக்குக் கொட்டாவி வந்தது. பெரிய பெட்டியைப் பிரிக்கப் பிரிக்க உள்ளே தாளும் தாளுமாக வருவதுபோல் இருந்தது. முன்வரிசையில் ஒருவர் கைபேசியில் மணி பார்த்தார், பிறகு யாரோ பார்த்துவிடுவார்களோ என்று அணைத்தார்.

ஏமாற்றுகிறவன் மேல் அவளுக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. ஏமாந்தவர்கள் வெளியே போய் அடுத்தவரிடம் "ஒரு தடவை பார்க்கலாம்" என்று சொல்வார்களே, அதுதான் அவளுக்குப் புரியாத புதிர். இத்தனை ஆசையோடு வந்து, நாமே போய் ஏமாந்தோம் என்று ஒப்புக்கொள்ள மனசு வருவதில்லை போலும். யோசித்துக்கொண்டே வந்தவளுக்குச் சுருக்கென்றது. எதிர்வீட்டுக்காரி இலைச் சோப்பு எப்படி என்று கேட்டபோது, அவளும் நல்லா இருக்கு என்றுதானே சொன்னாள்? நுரையே வராத சோப்பு அது.

இடைவேளையில் விளக்குகள் எரிந்ததும் மேடையில் ஒருவர் மைக் பிடித்து வந்தார். இந்தச் சட்டைகளை உருவாக்கிய சகோதரிகள் நம்மோடு இருக்கிறார்கள் என்றார். முன்வரிசையிலிருந்து பன்னிரண்டு பெண்கள் எழுந்து திரும்பி நின்றார்கள். ஆளுக்கொரு பூங்கொத்து. அரங்கம் கை தட்டியது. கணவர் எழுந்து நின்றே தட்டினார்.

துணை நடிகைகள் என்று ஆனாக்கா நினைத்தாள். ஒரு நாள் கூலிக்குப் பிடித்து வந்திருப்பார்கள். ஆனால் ஏழாவதாக நின்ற முகத்தை அவளுக்குத் தெரியும். கைப்பையில் இருக்கிற முகம். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று கணவரிடம் சொல்லிவிட்டு, அந்தப் பெண் போன வழியிலேயே போனாள்.

கழிவறைக்கு வெளியே நீண்ட நடைவழியில், பூங்கொத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் அந்தப் பெண் நின்றிருந்தாள். முப்பது வயது இருக்கும். ஆனாக்கா பூங்கொத்தைத் தான் பிடித்துக்கொள்வதாகச் சொன்னாள். அவள் உள்ளே போய் வந்ததும், ஆனாக்கா தன் சட்டையின் கழுத்தைக் காட்டி, இது நீ தைத்ததா என்று நேராகக் கேட்டாள். நடிகையாக இருந்தால் ஆமாம் என்று சிரிப்பாள் என்பது அவள் கணக்கு.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. கழுத்தோரத்தை விரலால் புரட்டி, உட்பக்கத் தையலை வெளிச்சத்தில் பார்த்தாள்.

"நான் கழுத்து மட்டும்தான் அடிப்பேன்க்கா. இது என்னோடது இல்ல. எனக்கு அடுத்த மிஷின்ல ஒரு இடதுகைக்காரி இருக்கா, அவளோடது. பாருங்க, முடிச்சு இந்தப் பக்கம் வந்திருக்கு."

சொல்லிக்கொண்டே கழுத்தில் தொங்கிய ஒரு நூல்நுனியைப் பழக்கத்தில் சுற்றி இழுத்து அறுத்தாள். ஆனாக்காவின் சந்தேகம் அந்த இடத்தில் ஆட்டம் கண்டது. எட்டு மாதம் நூல் வெட்டியவளுக்கு அந்த விரலைத் தெரியாதா? இது நடிப்பு இல்லை.

கைப்பையைத் திறந்து மாதிரித்தாளை எடுத்து நீட்டினாள். தன் படத்தைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. திருப்பிப் பின்பக்கம் படித்ததும் மலர்ச்சி போயிற்று. மெல்ல, எழுத்துக் கூட்டி, இரண்டு தடவை படித்தாள்.

"நான் எழுதினது இது இல்லக்கா."

"எப்படித் தெரியும்? எழுதி ரொம்ப நாளாயிருக்குமே."

"எழுத்துல தப்பே இல்லையே. அதிலயே தெரியலையா? எந்த இடத்துல எந்த ர-ன்னு எனக்கு எப்பவும் வராது."

ஆனாக்கா பூங்கொத்தைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டாள். அதைச் சரியாக்கியது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

பிறகு அந்தப் பெண் நடந்ததைச் சொன்னாள். ஒரு நாள் மதிய சாப்பாட்டு நேரத்தில் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டுப் படம் எடுத்தார்கள். ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்து, மனசில் உள்ளதை எழுதுங்கள், உலகமே படிக்கும் என்றார்கள். அவள் பள்ளிக்கூடம் விட்ட பிறகு எழுதிய முதல் நாலு வரி. இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மூன்றாவதில் எழுதினாள். தைக்கும் கூடத்தில் கிழக்குப் பக்கம் ஆறு ஜன்னல் இருக்கிறது, ஆறையும் ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள், பஞ்சுத்தூசி மூச்சை அடைக்கிறது, யாராவது சொல்லித் திறக்க வையுங்கள் என்று. மேற்பார்வையாளர் வாங்கிப் படித்துவிட்டு, ரொம்ப நல்லா எழுதியிருக்கே என்று தட்டிக் கொடுத்தாராம். அவள் அதை நம்பி, யாராவது ஜன்னலைப் பற்றிக் கேட்டு வருவார்கள் என்று இத்தனை நாள் காத்திருந்திருக்கிறாள்.

ஆனாக்கா தன் தொலைபேசி எண்ணைத் தாளின் ஓரத்தில் எழுதி அவளிடமே கொடுத்தாள். மணி அடித்தது. இருவரும் உள்ளே போனார்கள்.

இரண்டாம் பாதியில் அவள் திரையைப் பார்க்கவில்லை, முன்வரிசைத் தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிச் சண்டை முதலாளியின் மாளிகையில். லிஃப்ட் கம்பி அறுந்து பெட்டி விழுகிறது, கதாநாயகன் பாய்ந்து ஒற்றைக் கையால் பிடித்து நிறுத்துகிறார். அரங்கமே எழுந்து கூச்சல் போட்டது. பக்கத்தில் கணவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"லிஃப்ட் அப்படி விழாது" என்றார் மெதுவாக, யாரிடமும் இல்லாமல்.

பிறகு அவளிடம் குனிந்து, ஒரு கம்பி அறுந்தால் மற்றக் கம்பிகள் தாங்கும், எல்லாம் அறுந்தாலும் வேகம் கூடின உடனே இரண்டு பக்கமும் பிரேக் கவ்விக்கொள்ளும், அதற்காகத்தானே மாதாமாதம் நான் அந்த இருட்டில் தொங்குகிறேன் என்றார். முப்பது வருஷமாக ஆகாயத்தில் பறந்த கார்களையும் கையால் பிடித்த குண்டுகளையும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டவர், இந்த ஒரு லிஃப்டைத் தாங்கிக்கொள்ளவில்லை. ஆனாக்கா அவர் கையைத் தட்டிக் கொடுத்தாள். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

பேருந்தில் திரும்பும்போது படம் மோசம் என்று வாய்விட்டுச் சொன்னார். கல்யாணமாகி முதல் தடவை. அந்தத் துணிச்சலில் ஆனாக்காவும் அட்டையின் கதையை முழுசாகச் சொன்னாள். ற-வை ர ஆக்கியதையும் சேர்த்து. அவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார்.

"அப்போ நான் வாங்கினதும் பொய்யா?"

பெண்கள் பொய்யில்லை, தைத்ததும் பொய்யில்லை, அவர்கள் வாயில் திணித்த பேச்சுதான் பொய் என்றாள். அவர் ஒப்புக்கொண்டாரா என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி மடித்து அலமாரியின் அடியில் வைத்தார். ஒரு வாரம் கழித்து வேலைக்குப் போட்டுக்கொண்டு போனார், துணி நல்லாத்தானே இருக்கு என்று சொல்லிக்கொண்டு.

படம் பதினெட்டாம் நாள் திரையரங்கை விட்டுப் பெட்டிக்குள் போயிற்று. ஆனால் சட்டை விற்றுக்கொண்டே இருந்ததால் அதே பன்னிரண்டு அட்டைகள் மறுபதிப்புக்கு வந்தன. எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. ஆனாக்காவின் வேலை அரை நிமிஷத்தில் முடிந்திருக்க வேண்டும். அவள் சிவப்புப் பேனாவைத் திறந்து, ஒவ்வொரு அட்டையின் ஓரத்திலும் "இதை எழுதியவர் யார்?" என்று எழுதினாள். பன்னிரண்டு தடவை. அடியில் கையெழுத்துப் போடாமல் முதலாளியிடம் கொண்டுபோய் வைத்தாள்.

அவர் முதலில் சிரித்தார், பிறகு கோபப்பட்டார். வேறு ஆளை வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ள எனக்குத் தெரியாதா என்று கேட்டார். தெரியும், வாங்கிக்கொள்ளுங்கள் சார் என்றாள் ஆனாக்கா. ஆனால் அட்டைப் படத்தில் இருக்கும் பெண் தன்னிடம் பேசியிருக்கிறாள், நாளைக்கு அவள் வேறு யாரிடமாவது பேசினால் அச்சடித்தவர்கள் பெயரும் அட்டையின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் என்பதை மட்டும் நினைவுபடுத்தினாள். கம்பெனிக்கு அவரே போன் போட்டார், கதவைச் சாத்திக்கொண்டு.

மூன்றாம் நாள் புதிய அட்டைகள் வந்தன. முன்பக்கம் படமும் பெயரும் அப்படியே. பின்பக்கம் வெறும் வெள்ளை. ஆனாக்கா அதைப் பார்த்து மகிழவில்லை. பொய்ப் பேச்சை எடுக்கச் சொன்னால் வாயையே எடுத்துவிட்டார்களே என்றிருந்தது. தான் செய்தது நல்லதா கெட்டதா என்று இரண்டு நாள் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள். முதலாளியும் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அட்டை, சுவரொட்டி வேலைகளை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, அவளை மருந்து மடிப்புத்தாள் பக்கம் மாற்றினார். கண்ணைப் பிடுங்கும் எழுத்து, முகமே இல்லாத தாள்கள்.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் பெண் போன் செய்தாள். வெள்ளை அட்டையைப் பார்த்தார்களாம். மேற்பார்வையாளரைக் கேட்டால், அச்சகத்தில் ஏதோ தகராறு என்றாராம். அது நான்தான் என்று ஆனாக்கா சொன்னாள். முதல் தடவை பிழை திருத்தியதும் நான்தான் என்பதையும் சொன்னாள். மறுமுனையில் இயந்திரச் சத்தத்துக்கு நடுவே அந்தப் பெண்ணின் குரல் வந்தது.

"பரவால்லக்கா. இப்போ இன்னொண்ணு திருத்திக் குடுப்பீங்களா? இது நாங்களே எழுதினது."

பன்னிரண்டு பேரும் சேர்ந்து நிர்வாகத்துக்கு ஒரு மனு எழுதியிருந்தார்கள். மறுநாள் சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் கொண்டுவந்து கொடுத்தாள். ஜன்னல், தண்ணீர், எழுந்து போவதற்குக் கேட்க வேண்டிய அனுமதி என்று மூன்று விஷயம். பிழைகள் நெல்லிக்காய் மாதிரி சிதறிக் கிடந்தன, ஒவ்வொருத்தியுடையதும் ஒவ்வொரு விதமாக. ஆனாக்கா எழுத்தை மட்டும் தொட்டாள், ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. கடைசி வரியில் ஒருத்தி கோபமாக எழுதியதை மென்மையாக்கலாமா என்று கை துறுதுறுத்தது. விட்டுவிட்டாள்.

மனு கொடுத்து ஒரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. மனுவில் முதலாவதாகக் கையெழுத்துப் போட்டவளைத் துணி மடிக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். அது தண்டனையா தற்செயலா என்று யாருக்கும் நிச்சயமில்லை. ஆனாக்காவுக்கு நிச்சயம்தான். பிறகு ஒரு திங்கட்கிழமை, வெளியிலிருந்து யாரோ பார்வையிட வருகிறார்கள் என்று கூடத்தைக் கழுவினார்கள். ஆறு ஜன்னலில் இரண்டின் ஆணியைப் பிடுங்கினார்கள்.

வருகிறவர்கள் போனதும் மறுபடி ஆணி அடித்துவிடுவார்கள் என்று ஆனாக்கா கணவரிடம் சொன்னாள். பந்தயம் கட்டுகிறாயா என்று அவர் கேட்டார். அவள் கட்டவில்லை. வாரம் ஒரு தடவை அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து கேட்க ஆரம்பித்தாள். முதல் வாரம் திறந்திருந்தது. இரண்டாம் வாரம் ஒன்றை மூடினார்கள், மழைச்சாரல் துணியில் அடித்ததால் என்றார்கள். மழை விட்டதும் திறந்தார்களா என்று ஆனாக்கா கேட்டாள். திறந்தார்களாம்.

"நீ கண்ணால பார்த்தியா, இல்ல யாராவது சொல்லிக் கேட்டியா?"

"நான்தான்க்கா திறந்தேன்" என்றாள் அந்தப் பெண்.